பதில்: ஐசிஸில் மியூவான் அலைவு தெரியவில்லை

ஐசிஸில் உங்கள் தூள் மாதிரிக்குள் மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, விரைவில் சிதையும் துகள்கள்) செலுத்தியபோது, காந்த ஒழுங்கு வெப்பநிலைக்குக் கீழே போனதும் அலைவே இல்லை, தொடக்கச் சமச்சீரின்மை (முன், பின் உணரிகளின் எண்ணிக்கை வேறுபாடு) மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். தூள் மாதிரி முழுவதும் ஒழுங்கடைந்தால் அப்படித்தான் வரும்.

இங்கிலாந்தின் ஐசிஸ், மியூவான்களைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் நிலையம். துடிப்பின் அகலமே சுமார் 80 நானோவினாடி. நீங்கள் எதிர்பார்க்கும் 0.3 டெஸ்லா உட்புலத்தில் (மாதிரிக்குள் உள்ள காந்தப்புலம்) மியூவான் சுமார் 40 மெகாஹெர்ட்சில் சுழலும் (டெஸ்லாவுக்கு 135.5 மெகாஹெர்ட்ஸ்). ஒரு சுற்றுக்கு 25 நானோவினாடிதான். எனவே அலைவு துடிப்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. 10 மெகாஹெர்ட்சுக்கு மேல் அங்கே நம்ப வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே துடிப்பு இல்லை, மியூவான்கள் ஒவ்வொன்றாக வரும் தொடர் கற்றை; நேரப் பிரிதிறன் ஒரு நானோவினாடி அளவு. ஐசிஸ் தரவை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். அதைவிட நல்ல வாதம் கிடையாது.

மாதிரியைத் தாங்கும் அதே தடிமனான வெள்ளித் தட்டைக் கொண்டுபோகாதீர்கள். மாதிரியைத் தவறவிடும் மியூவான்கள் அதில் நின்று, தணியாத பின்னணியாகச் சேரும். மெல்லிய தாளில் சுற்றி, சதுர செண்டிமீட்டருக்கு 200 மில்லிகிராம் வருமாறு தூளை நிரப்புங்கள். குறைந்தால் கற்றை ஊடுருவிப் போய்விடும்.

ஐசிஸையும் கைவிட வேண்டாம். 10 மைக்ரோவினாடிக்குப் பிறகும் நீளும் மெதுவான தணிவுக்குப் பின்னணி குறைந்த அந்த மூலமே சிறந்தது.