கல்வி: கேள்வி – பதில்

கேள்வி: கோத்தகிரியில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என் மகள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பள்ளியில் முதலிடம். இங்கே கணிதம் முதல் இன்டர்னலில் 50-க்கு 17. “எனக்கு ஒண்ணும் வரலம்மா” என்று போனில் அழுகிறாள். பள்ளிதான் காரணமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: பாடம் தெரியாமல் வந்த சறுக்கலாக இது தெரியவில்லை. முதலாண்டில் வரும் பகுதி வகைக்கெழுவும், அணியின் தரம் காண்பதும் நம் பிளஸ் டூ புத்தகத்திலேயே உண்டு. சிபிஎஸ்இ பிளஸ் டூவில் இரண்டும் இல்லை. இடறுவது வேகத்திலும் கேள்வியின் போக்கிலும்தான். பள்ளியில் ஒரு பாடத்தை வாரக்கணக்கில் நடத்தி, திரும்பத் திரும்ப டெஸ்ட் வைப்பார்கள். பொதுத்தேர்விலும் பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்த கணக்குதான், அதிலும் சாய்ஸ் உண்டு. இங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 12 வகுப்பு. அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பலர் ஜேஇஇ கோச்சிங்கில் புதுக் கணக்கோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் மகளும் ஒரு செமஸ்டருக்குள் பிடித்துவிடலாம்.

தினமும் ஒரு புதுக் கணக்கு, 30 நிமிடம், தீர்வைப் பார்க்காமல். முடியாவிட்டால் எந்த வரியில் நின்றது என்று கோடு போட்டு, அந்தத் தாளையே ஆசிரியரிடம் காட்டட்டும். “புரியலை சார்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஆங்கிலம் தடுத்தால் நம் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் தமிழ் வழி, ஆங்கில வழிப் பதிப்புகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். பாட வரிசை ஒன்றுதான், இணையத்தில் இலவசம். சி புரோகிராமிங்கில், லேபுக்குப் போகுமுன் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைகள்) ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று தாளில் எழுதிப் பார்ப்பது பெரிய உதவி.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. மார்க் குறைந்த பிள்ளைகள் வெட்கப்பட்டு ஹாஸ்டல் அறையிலேயே முடங்குகிறார்கள். வருகைப்பதிவுக்கு 75 சதவீதம் வேண்டும். குறைந்தால் செமஸ்டர் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். போனில் மார்க்கைக் கேட்காதீர்கள் அம்மா. “இந்த வாரம் எந்தக் கணக்கில் நின்றாய், யாரிடம் கேட்டாய்?” என்று கேளுங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் ஒன். இப்போதே என்ன செய்யலாம்?
– வாசகர், கூடலூர்

பதில்: பொறியியல் கட்டாஃபுக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும்தானே என்று பிளஸ் ஒன் கணிதத்தைத் தள்ளிவைக்காதீர்கள். எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும் அங்கேதான் தொடங்குகின்றன. உங்கள் பக்கம் மழைக்குப் பள்ளி விடுமுறை விடும் நாள்களில், எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தீர்வை மூடிவைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.