பரணில் ஏறிய ரயில்

அன்புள்ள ஐயா,

என் தம்பி லண்டனிலிருந்து வரும்போது என் மகனுக்கு ஒரு மாடல் ரயில் செட் வாங்கிவந்தான். ஓஓ கேஜ் என்ற அளவு. சின்ன நீராவி எஞ்சின், மூன்று சரக்குப் பெட்டி, சுற்றிவரத் தண்டவாளம், ஒரு கன்ட்ரோலர். பையனுக்கு எட்டு வயது. மூன்று நாள் கூடத்துத் தரையில் பரப்பி ஆசையாக ஓட்டினான். பிறகு வண்டி விட்டுவிட்டு நின்றது, விரலால் தள்ளினால்தான் நகர்ந்தது. இப்போது பரணில் கிடக்கிறது. தம்பியிடம் சொன்னால், "அங்கயே இப்ப பிள்ளைங்க இதத் தொடுறதில்லக்கா, கண்காட்சிக்குப் போனா எல்லாம் நரைச்ச தலதான்" என்கிறான். செல்போன்தான் காரணமா? இதை மறுபடி ஓட வைக்க முடியுமா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

செல்போன் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. பிரிட்டனில் இந்தப் பொம்மைக்கு முதல் அடி விழுந்தது 1960களில். ஃபிராங்க் ஹார்ன்பியின் லிவர்பூல் நிறுவனம் 1920ல் சாவி கொடுத்து ஓட்டும் ரயிலையும் 1938ல் ஹார்ன்பி டப்லோ என்ற ஓஓ கேஜ் ரயிலையும் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1964ல் போட்டியாளரான லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. வாங்கியவர்களும் 1971ல் விழுந்தார்கள். அதற்குள் வீட்டுக்குள் டிவி வந்துவிட்டது. 1957லேயே ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பந்தயக் கார்கள் வந்துவிட்டன. இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க அதில் வழியுண்டு, ரயிலில் கிடையாது. 1968 ஆகஸ்டோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான நீராவி ஓட்டமும் முடிந்தது. தெருமுனைப் பாலத்தில் நின்று பார்த்த எஞ்சினைப் பெட்டியில் வாங்குவது என்ற கணக்கு அதோடு போயிற்று.

அதற்குப் பிறகும் தொழில் பிழைத்தது. எப்படி என்றால், அந்தப் பழைய பையன்கள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவர்களே வாங்கினார்கள். ஹார்ன்பி என்ற பெயரைச் சுமந்துவந்த நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. கைவேலை அங்கே மலிவாகக் கிடைத்ததால் கைப்பிடிக் கம்பி, குழாய், ஏணி எல்லாம் தனித்தனித் துண்டாக ஒட்டப்பட்டன. பார்க்க அபாரம். எட்டு வயதுக் கை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் நாலு துண்டு உதிரும். இப்படிப்பட்ட எஞ்சின் வரும் அட்டைப்பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது சும்மா இல்லை. பெரிய நீராவி எஞ்சின் ஒன்று இப்போது 200 பவுண்டைத் தாண்டுகிறது. அந்த விலையுள்ள பொருளை எந்த அப்பாவும் தரையில் வைத்து ஓட்ட விடமாட்டார். ஜெர்மனியின் மாடல் ரயில் நிறுவனமான மெர்க்லின் 2009ல் திவால் மனு கொடுத்துவிட்டு மீண்ட கையோடு, பேட்டரியில் ஓடும் சிறுவர் வரிசை ஒன்றை இறக்கியது, தவறவிட்டது எந்த வாடிக்கையாளரை என்று தெரிந்துதான். பிள்ளைகள் ரயிலை விட்டு ஓடினார்கள் என்பதைவிட, ரயில் பெரியவர்களோடு சேர்ந்து வயதாகிவிட்டது என்பதே என் கட்சி.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1959லிருந்து பிளாரெய்ல் என்ற பிளாஸ்டிக் ரயில் விற்கிறது. நீலத் தண்டவாளம், வண்டிக்குள் ஒரு பேட்டரி, ஒரே ஒரு சுவிட்ச். வளைவுத் துண்டு எட்டு சேர்த்தால் வட்டம். பிள்ளை காலையில் ஏறிய ரயிலே மாலையில் கடையில் பொம்மையாகக் கிடைக்கும். வளர்ந்தபின் விரும்புகிறவன் தண்டவாளம் 9 மி.மீ. அகலமுள்ள 'என்' (N) கேஜ் மாடல் ரயிலுக்குப் போவான். படிக்கட்டில் எந்தப் படியும் காணாமல் போகவில்லை. இங்கிலாந்தில் மூன்று வயதுக்கு மர ரயில் உண்டு, ஐம்பது வயதுக்கு அற்புதமான எஞ்சின் உண்டு. நடுப்படிதான் ஆட்டம் கண்டிருக்கிறது. உங்கள் மகன் நின்றது அந்தப் படியில். அதிலும் அவன் பார்த்து வளர்ந்தது முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெட்டியைத் திறந்தால் அவன் கண்டிராத ஊரின், கண்டிராத காலத்து எஞ்சின். மூன்று நாள் ஓட்டியதே பெரிய விஷயம்.

இனி உங்கள் செட். வண்டி நின்றுபோனதற்கு எஞ்சின் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இதில் 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மோட்டருக்குப் போகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவு. அங்கே எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்புப் பசையாகப் படிந்தால் போதும், மின்சாரம் நின்றுவிடும். லெகோகூட 1991ல் கொண்டுவந்த 9 வோல்ட் உலோகத் தண்டவாளத்தைப் பிற்பாடு கைவிட்டு, பேட்டரியை வண்டிக்குள் வைத்துவிட்டது.

முதலில் ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, கடல் காற்றில் துரு பிடித்துக்கொண்டே இருக்கும், மாற்றுவதுதான் வழி. ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர், துடைத்தாலே போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் பயன்படுத்துவதும் அதுதான் (பார்த்தீர்களா, செல்போனால் ரயிலுக்கு உதவியும் உண்டு). தீப்பிடிக்கும் திரவம் என்பதால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, நீங்களே செய்யுங்கள். நூல் உதிராத துணியை நனைத்துப் பிழிந்து, துணி கருப்பாவது நிற்கும்வரை தண்டவாளத்தின் மேல்முகத்தையும் உள்விளிம்பையும் துடைக்க வேண்டும்.

அடுத்து எஞ்சின். கவிழ்த்துப் பிடித்து, பஞ்சுக்குச்சியால் சக்கரங்களைத் துடையுங்கள். மோட்டரோடு பிணைந்த சக்கரத்தை விரலால் சுழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) சக்கரப் பக்கமிருந்து திருப்பினால் திரும்பாது, பல் உடையும். ஈரம் காய்ந்தபின் கன்ட்ரோலரின் இரண்டு வயரைச் சக்கரங்களில் தொட்டுக் கால் சுற்று திருப்பி, அணைத்துவிட்டு, மீதியைத் துடைக்கலாம். அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் இடுக்கியால் எடுங்கள். கூடத்துத் தரையில் ஓட்டினால் அது நிச்சயம் இருக்கும். எண்ணெய் போட்டால் ஊசிமுனையில் நிற்கும் அளவு. மிஞ்சியதெல்லாம் தண்டவாளத்துக்கே வந்துசேரும்.

துடைத்தபின்னும் ஒரே இடத்தில் மந்தமானால் இணைப்பைச் சந்தேகியுங்கள். துண்டுகளைச் சேர்க்கும் ஃபிஷ்பிளேட் கழற்றிக் கழற்றி மாட்டியதில் தளர்ந்திருக்கும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர் மாட்டிய இடத்திலும் எதிர்முனையிலும் அளக்க வேண்டும். வண்டி இல்லாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண் காட்டி ஏமாற்றும். ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஃபிஷ்பிளேட்டைக் குறடால் மெல்ல நெருக்குங்கள். எதிர்முனைக்கும் இரண்டு வயர் இழுத்துவிடுவது இன்னும் உறுதி. துருவம் மாறாமல் உள் தண்டவாளம் உள்ளோடும் வெளி வெளியோடும் சேரட்டும். வண்டி ஒரே இடத்தில் தடம் புரண்டால் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். ஃபிஷ்பிளேட்டுக்குள் நுழையாமல் தண்டவாளம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

பிறகு தரையை விட்டு மேலே ஏற்றுங்கள். 438 மி.மீ. ஆர வளைவு என்றால் வட்டத்தின் குறுக்களவே கிட்டத்தட்ட 3 அடி. 4க்கு 3 பலகையில் விளிம்பிலிருந்து வண்டி விழும். 5க்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

இவ்வளவும் செய்தாலும் சுற்றிச் சுற்றி வருவதை எட்டு வயதுப் பிள்ளை எத்தனை நேரம் பார்ப்பான்? அவனுக்கு வேலை வேண்டும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கில்நுக் என்ற ஷன்ட்டிங் புதிர், அதாவது பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்து வரிசைப்படுத்தும் புதிர், இருக்கிறது. இரண்டு பாயின்ட் (தடம் மாற்றும் துண்டு), மூன்று கிளைப் பாதை. ஒன்றில் ஐந்து பெட்டிக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. எஞ்சின் நிற்கும் வால்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டியும் மட்டுமே கொள்ளும். எட்டுப் பெட்டிக்கு எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே ஐந்து பெட்டி ரயிலைக் கோக்க வேண்டும். 6,720 வரிசை வரலாம். எஞ்சின் ஊர்ந்துதான் போகவேண்டும் என்பதால் அழுக்குத் தண்டவாளம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தானே துணியை எடுத்துத் துடைப்பான்.

ஆகவே யாருக்கும் கொடுக்க வேண்டாம். உங்களிடம் மூன்று பெட்டி இருக்கிறது. இன்னும் இரண்டு பெட்டி, இரண்டு பாயின்ட், சில நேர்த்துண்டுகள் தம்பியிடம் கேளுங்கள். ஐந்து பெட்டியோடு, கிளைப் பாதைகளில் 3, 2, 2 பெட்டிக்கு இடம் என்று தொடங்கலாம். வால்பாதை எஞ்சினுக்கும் இரண்டு பெட்டிக்கும், கோக்க வேண்டியது மூன்று பெட்டி, வரிசை 60. பாதை ஒவ்வொன்றையும் பெட்டிகளை வைத்து அளந்து, கடைசியில் ஒரு முட்டுத்தடை வைத்துவிடுங்கள். ஒரு பெட்டி கூடுதலாகக் கொள்ளும்படி விட்டால் புதிர் சப்பென்று போகும்.