சொன்ன விலைக்குத் தகுமா? பழைய மோட்டார்ஹோம் கேள்வி-பதில்

பனி உருகித் தெருவோரங்களில் 'விற்பனைக்கு' அட்டைகள் முளைக்க ஆரம்பித்தால், எனக்கும் கடிதங்கள் குவிய ஆரம்பிக்கும். நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர் மேக்கப் போடும் வண்டி. இங்கே அமெரிக்காவில் அது ஓய்வுபெற்ற தாத்தாவும் பாட்டியும் நாடு சுற்றிய வண்டி. அவர்களுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் விற்கிற வண்டி. இந்த வீட்டு வண்டிகளை இங்கே ஆர்.வி. என்பார்கள். பழைய ஆர்.வி.களைப் பழுது பார்ப்பதும், வாங்குகிறவருக்காகப் போய்ப் பார்த்துச் சொல்வதும் என் பிழைப்பு. இந்தப் பருவத்தில் வந்த கேள்விகளில் சில:

கேள்வி: அண்ணா, 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம், 26 அடி. 28,000 டாலர் கேட்கிறார். இதுவரை 40,000-க்கு மேல் செலவு செய்ததாக ஒரு கோப்பு நிறைய ரசீது காட்டுகிறார். அப்படியென்றால் 28,000 எனக்கு லாபம்தானே? (ஆஸ்டின், டெக்சஸ்)

பதில்: ரசீது அவர் செலவழித்ததற்குச் சாட்சி. வண்டி அந்த விலை பெறும் என்பதற்குச் சாட்சி இல்லை. கோப்பை வாங்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் பாதிக்கு மேல் சோபா, திரைச்சீலை, மரவேலை, ஸ்பீக்கர். பிரேக்குக்கு ஒரே ஒரு ரசீதுகூட இல்லை. பெட்ரோல் டியூப், பிரேக், முன்சக்கர பேரிங், ஏர் பேக் (விபத்துக்கானது இல்லை, வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் காற்றுப் பை), டயர் இவற்றுக்குச் செய்த செலவு உங்கள் பையில் மிஞ்சும் பணம். திரைச்சீலைக்குச் செய்த செலவு அவருடைய ரசனை. அதற்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஜிஎம்சி மற்ற பழைய வண்டிகளைப் போல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973 முதல் 1978 மாடல் வரை மிச்சிகனில் பான்டியாக் நகரில் செய்தார்கள். மொத்தமே 13,000-க்குச் சற்றுக் குறைவு. ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் என்ஜினையும் முன்சக்கர இழுவையையும் அப்படியே எடுத்து வைத்தார்கள். பின்னால் போகும் ஷாஃப்ட் இல்லாததால் தளம் தாழ்வாக இருக்கும், ஏற ஒரு படி போதும். உடம்பு அலுமினியச் சட்டத்தின் மேல் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும். மரச்சட்டம் வைத்த அதே வயது வண்டிகள் மட்கிப்போன பிறகும் இவை ஓடிக்கொண்டிருக்க அதுதான் காரணம். உதிரி பாகமும் இன்றுவரை கிடைக்கிறது. அதனால் இதற்கு ஒரு நியாயமான சந்தை விலை உண்டு.

பார்க்க வேண்டியது: பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டுக்கும் நடுவே ஒரு ஏர் பேக். மாலையில் நிறுத்தியதும் பின்பக்க உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் காற்று ஒழுகுகிறது. பெரிய நோய் இல்லை, ஆனால் பேரம் பேச நல்ல பிடி. அடுத்தது சக்கரம். கம்பெனி போட்டது 16.5 அங்குலம், அந்த அளவுக்கு நல்ல டயர் இப்போது தேடினாலும் சிரமம். முந்தைய உரிமையாளர் 16 அங்குலத்துக்கு மாற்றியிருந்தால் அது நிஜமான மதிப்பு. கீழே படுத்து, ஏணி போல் ஓடும் இரும்புச் சட்டத்தில் துருவைப் பாருங்கள். அலுமினியம் துருப்பிடிக்காது, அந்த இரும்பு பிடிக்கும்.

1976 என்பதால் 455 கன அங்குல என்ஜின், அதாவது ஏழரை லிட்டர். 1977-இல் 403 வந்துவிட்டது. பலர் விரும்பித் தேடுவது பழையதைத்தான். காலனுக்கு 8, 10 மைல் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். கோப்பில் பிரேக், டயர் மாதிரி வேலைகளின் ரசீதுகள் இருந்தால் 28,000-ஐ வைத்துப் பேசத் தொடங்கலாம். மெத்தை ரசீதுதான் என்றால், செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டறையில் விலை கேட்டு, அவர் கண்முன்னே கழித்துக் காட்டுங்கள்.

கேள்வி: 1988 ஃபோர்டு ஈ-350 வேன் மேல் கட்டிய மோட்டார்ஹோம். உள்ளே புது பெயின்ட், புது வால்பேப்பர், பளபளவென்று இருக்கிறது. 9,500 டாலர். "ஒரு சொட்டு ஒழுகாது" என்கிறார். நம்பலாமா? (சியாட்டில்)

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்குத் தங்கள் வண்டி ஒழுகுவதே தெரியாது. தண்ணீர் கூரையின் ஓரத்தில் நுழைந்து, சுவருக்குள்ளேயே இறங்கி, மரச்சட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும். கறை வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும். என்ஜின் கெட்டால் வேறு என்ஜின் வாங்கி மாட்டிவிடலாம். சுவர் மட்கினால் வண்டியையே பிரிக்க வேண்டும். அந்தக் கூலி வண்டி விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். எல்லோரும் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் நிற்கிறார்கள்; கூரை மேல் ஏறிப் பார்த்தேன் என்று எழுதியவர் இதுவரை நாலைந்து பேர் இருப்பார்கள்.

உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம், டிரைவர் தலைக்கு மேல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற படுக்கை. போன இலையுதிர் காலத்தில் இதே மாதிரி ஒரு வண்டியில் மெத்தையைத் தூக்கி, முன்மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போய்விட்டது. மேலே புத்தம்புது வால்பேப்பர், பூப்போட்டது. ஒட்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

பிறகு அலமாரிகளைத் திறந்து உள்மூலையில் இருக்கும் ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். வால்பேப்பர் மாற்றுகிறவர் அங்கே கை வைப்பதில்லை, துரு அப்படியே இருக்கும். கழிப்பறையைச் சுற்றியும் வாசற்படி அருகிலும் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். வெளியே, மாலை வெயில் சாய்வாக விழும்போது சுவரோடு கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தால் உப்பல் தெரியும். சந்தேகமான இடத்தில் தேங்காய் தட்டுவது போல் தட்டினால் சத்தம் மாறும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். நீங்கள் இருப்பதோ சியாட்டில். மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வருகிற வாசனைதான் உண்மை. அங்கே எலுமிச்சை சென்ட் அடித்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

மூலை மெத்தென்று இருந்தால் 9,500 கிடையாது. ஓடுகிற ஒரு ஃபோர்டு வேனுக்கு என்ன தருவீர்களோ அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் 1979 வின்னபேகோ மோட்டார்ஹோமைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். பத்து வருடமாகக் கொல்லையில் நிற்கிறது. (டெட்ராய்ட்)

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டுக்குப் பல், குளம்பு, வால் எல்லாவற்றையும் பாருங்கள். ஆறு டயர், பெட்ரோல் டாங்கி சுத்தம், கார்புரேட்டர், பிரேக் முழுவதும்: கொல்லையிலிருந்து தெருவுக்கு வருவதற்குள் சில ஆயிரம் டாலர் போகும். சரிவரவில்லை என்று தூக்கிப் போடவும் முடியாது. பழைய இரும்புக் கடைகள் பல மோட்டார்ஹோமை எடுப்பதே இல்லை, எடுத்தாலும் உங்களிடம்தான் காசு கேட்பார்கள். அவர் பெயரில் டைட்டில் பத்திரம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிக் காபி மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சார், டொயோட்டா பிக்கப் மேல் கட்டிய சின்ன மோட்டார்ஹோம், 1984. இரண்டு பேருக்கு அளவானது. 12,000 டாலர். என்ஜின் அருமை. வேறு என்ன பார்க்க? (சான் ஹோசே)

பதில்: பின்சக்கரத்தின் நட்டுகளை எண்ணுங்கள். ஐந்தா, ஆறா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆரம்ப வருடங்களில் பிக்கப்புக்கு உரிய பின் ஆக்சில் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டார்கள். வெளியே இரட்டைச் சக்கரம் தெரியும், ஆனால் ஐந்து நட்டு. பாரம் முழுவதும் சுழல்கிற ஆக்சில் ஷாஃப்ட் மேலேயே உட்காரும். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் தனியே கழன்று ஓடிவிடும். அப்படி ஓடியதால்தான் திரும்பப் பெற்று மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடே வந்தது. பின்னால் வந்த கனமான ஆக்சிலில் ஆறு நட்டு, நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்; அதில் பாரத்தைத் தாங்குவது ஆக்சிலின் வெளிக்கூடு, ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். உங்களுடையது 1984 என்பதால் யாராவது மாற்றியிருந்தால்தான் ஆறு இருக்கும். ஐந்து என்றால் ஆக்சில் மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள், மாற்றும்வரை குடும்பத்தை ஏற்றாதீர்கள். இன்னொன்று: உடம்பு சன்ரேடர் என்ற தயாரிப்பு என்றால் இரண்டே ஃபைபர்கிளாஸ் பாதிகளை ஒட்டியது, ஒழுக இடம் குறைவு. அதற்குக் கூடுதல் கேட்டால் கொடுக்கலாம். கலிபோர்னியாவில் 1976 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்கும் புகைச் சோதனை உண்டு; தேறிய சான்றிதழ் இல்லாமல் பணத்தை நீட்ட வேண்டாம்.

கேள்வி: 1978 வண்டி, மீட்டரில் 38,000 மைல்தான். குறைந்த மைலுக்காக அதிகம் கேட்கிறார். (அட்லாண்டா)

பதில்: ஐந்து இலக்க மீட்டர். 138,000 ஓடியிருந்தாலும் 38,000 என்றுதான் காட்டும். உண்மையிலேயே 38,000 என்றாலும் நிறுத்தியே வைத்த வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும், ஜெனரேட்டர் அடைத்திருக்கும். அதற்காக ஒரு டாலர்கூட அதிகமாகத் தராதீர்கள்.

கேள்வி: அரிசோனாவில் துருவே இல்லாத 1985 வண்டி கிடைக்கிறது. டொராண்டோவுக்கு ஓட்டி வரலாமா? 14,000 அமெரிக்க டாலர். (டொராண்டோ)

பதில்: பாலைவன வண்டிக்குத் துரு இல்லை, சரிதான். வெயில் இருக்கிறது. கூரை இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் பசை அப்பளம் போல் வெடித்திருக்கும். அங்கே மழை இல்லாததால் யாருக்கும் தெரியாது, உங்கள் ஊர் முதல் மழையில் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்: 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மேல் வரிகள் தேயாமல் புதிதாகத் தெரியும் டயரும் பத்து வருடமானால் நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். டொராண்டோ வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குக் கனடாவின் இறக்குமதிப் பதிவுத் திட்டம் பொருந்தாது, அந்த அலைச்சல் இல்லை. எல்லையில் வரிக்கும், ஒன்டாரியோவில் பாதுகாப்புச் சோதனைக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இந்த விலை கொஞ்சம் சூடாகவே தெரிகிறது.

கேள்வி: கடன், காப்பீடு, தங்குமிடம் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். (நியூ ஜெர்சி)

பதில்: இந்த வயது வண்டிக்குக் கடன் தருகிறவர்கள் அரிது, கைக்காசுக்கு ஏற்ற விலை பேசுங்கள். காப்பீட்டில் 'ஒத்துக்கொண்ட மதிப்பு' என்று எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் விபத்தில் தேய்மானம் கழித்துப் பிச்சை போடுவார்கள். ஆர்.வி. தங்கும் தனியார் பார்க்குகளில் சில, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை விடுவதில்லை. வண்டியின் படத்தைக் காட்டினால் சிலர் விடுவார்கள். தேசியப் பூங்காக்களில் பார்ப்பது நீளத்தைத்தான்.

கேள்வி: இந்த ஞாயிறு ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். முன்கூட்டியே எதுவும் செய்ய வேண்டுமா? (சிகாகோ)

பதில்: சனிக்கிழமையே ஃபோன் செய்து இரண்டு உதவி கேளுங்கள். ஒன்று, நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்பே ஓட்டியிருக்கிறார். இரண்டு, ஃப்ரிட்ஜை இன்றே கேஸில் ஆன் செய்து வையுங்கள். பழைய ஆர்.வி. ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது, ஒரு ராத்திரி தேவைப்படும். வெளிப்புறக் கதவைத் திறந்து பின்னால் பாருங்கள்: குழாய்களில் மஞ்சள்தூள் சிந்தியது போல் இருந்தால் கசிந்து முடிந்துவிட்டது. கையால் தொடாதீர்கள், நஞ்சு. புதிது வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். "மறந்துட்டேன், ஆனா நல்லாத்தான் வேலை செய்யும்" என்று சொன்னால், வேலை செய்யாத ஃப்ரிட்ஜாகவே விலை போடுங்கள்.