சி டிரைவைக் காலி செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட சின்ன டீம். பின்பக்கம் ஜாங்கோ, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ். முன்பக்கம் ரியாக்ட், கோடை மாற்றியதும் பிரவுசரைப் புதுப்பிக்கும் வீட். புதிதாகச் சேர்பவரின் லேப்டாப்பைத் தயார் செய்வதே பெரும்பாடாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் டாக்கருக்குள் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) போட்டோம். மேக் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. என் விண்டோஸில் மட்டும் ஆமை வேகம். ஃபைலைச் சேமித்தாலும் பிரவுசரில் மாற்றம் வருவதில்லை. பழையபடியே இருந்துவிடலாமா சார்?
- வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். கோட் ஃபோல்டர் சி டிரைவில்தானே இருக்கிறது? கோளாறு அங்கேதான்.

விண்டோஸில் உங்கள் கன்டெய்னர் ஓடுவது டபிள்யூஎஸ்எல் 2 என்ற குட்டி லினக்ஸுக்குள். சி டிரைவ் அதற்கு வெளியூர். ஒவ்வொரு ஃபைலுக்கும் எல்லை தாண்டிப் போய் வர வேண்டும். முன்பக்கத்துக்கான நூலகங்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸில் குவிந்திருக்கும் பொடிப்பொடி ஃபைல்கள் அத்தனைக்கும் இதே நடை. போதாததற்கு, விண்டோஸ் பக்கம் ஒரு ஃபைல் மாறினால் அந்தத் தகவல் லினக்ஸுக்கு வந்து சேராது. வீட் காத்திருப்பதோ அந்தத் தகவலுக்காகத்தான். ஃபைல் மாறியதா என்று விடாமல் சோதிக்கும் போலிங் போட்டால் சரியாகும் என்பார்கள். சரியாகும், லேப்டாப் ஃபேனும் சேர்ந்து கத்தும்.

அந்தக் குட்டி லினக்ஸான உபுண்டுவின் டெர்மினலைத் திறந்து, அதன் ஹோம் ஃபோல்டருக்குள் புதிதாக கிட் குளோன் செய்யுங்கள், அதாவது டீமின் கோடைப் புதுப் பிரதியாக இறக்குங்கள். பழைய ஃபோல்டரைத் தூக்கி வந்து ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரி முடிவுக் குறிகளை விண்டோஸ் கிட் மாற்றி வைத்திருக்கலாம். அப்படி மாறிப்போன ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலையே காணவில்லை என்று கன்டெய்னர் சாதிக்கும். அந்தப் பிழைச் செய்தியை நம்பிப் பாதையைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். குளோன் ஆனதும் விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டு அங்கிருந்தே திறங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக உள்ளே தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. நானாக இருந்தால் முதலில் போஸ்ட்கிரஸை மட்டும் போடுவேன். ஆளுக்கொரு வெர்ஷன் என்ற தலைவலி அதிலேயே பாதி தீரும். கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜின் பெயரில் லேட்டஸ்ட் என்று எழுதாமல் வெர்ஷன் எண்ணைக் குறிப்பிடுங்கள். 16 எழுதி வைத்த டேட்டாவின் மேல் 17 கிளம்பாது.

ஜாங்கோ ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதால் இதையும் பாருங்கள். டேட்டாபேஸ் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் கூடாது. கன்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான். எந்தெந்தக் கன்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதும் கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரஸ் சர்வீஸுக்கு வைத்த பெயரைக் கொடுங்கள். அதே ஃபைலில் வெறும் டிபெண்ட்ஸ் ஆன் (எதற்குப் பின் எது கிளம்ப வேண்டும் என்ற குறிப்பு) போட்டால், போஸ்ட்கிரஸ் தயாராகும்வரை ஜாங்கோ காத்திருக்காது. அது தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக்கும் வேண்டும். அப்புறம், கன்டெய்னர் போனாலும் தங்கும் வால்யூம் என்ற சேமிப்பிடத்தில் டேட்டா இருந்தால், கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையைத் தாராளமாக அடிக்கலாம். கூடவே 'மைனஸ் வி' சேர்த்தால் டேட்டாபேஸும் போய்விடும்.

கேள்வி: டாக்கர் டெஸ்க்டாப்புக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிறார் எங்கள் மேனேஜர். அது இலவசம் இல்லையா?
- வாசகர், மதுரை

பதில்: 2021இல் விதி மாறிவிட்டது. ஊழியர்கள் 250 பேருக்குக் குறைவு, ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவு, இரண்டும் பொருந்தினால்தான் நிறுவனத்துக்கு இலவசம். ஆனால் இது டெஸ்க்டாப் ஆப்புக்கான விதி. கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் எஞ்சின் ஓப்பன் சோர்ஸ். உபுண்டுவுக்குள் நேரடியாகவே நிறுவிக்கொள்ளலாம். அழுத்துவதற்கு பட்டன் எதுவும் இருக்காது, அவ்வளவுதான்.