லூகரின் தோல்வி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அணு ஆயுதக் குறைப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ரிச்சர்ட் லூகரின் பெயரைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். இன்டியானா மாநிலத்தின் செனட்டராக 36 ஆண்டுகள் இருந்திருக்கிறார். 2006இல் ஜனநாயகக் கட்சி அவரை எதிர்த்து ஆளே நிறுத்தவில்லை. 87 சதவீத வாக்குகள். அடுத்த தேர்தலிலேயே, 2012 மே மாதம், சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்களே பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில்) அவரை ஏறத்தாழ 60க்கு 40 என்ற கணக்கில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது நன்றிகெட்டத்தனம் இல்லையா? ஒரு மூத்த தலைவரின் செல்வாக்கு ஆறு வருடத்தில் இப்படிச் சரியுமா? கருத்துக்கணிப்புகள் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லையா?

தங்கள் வாசகன்,
மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. சோவியத் யூனியன் உடைந்தபோது அங்கே சிதறிக் கிடந்த அணு ஆயுதங்களைப் பிரித்துப் போட அமெரிக்கப் பணத்தைச் செலவிடலாம் என்று 1991இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் சாம் நன்னுடன் சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர் லூகர். 7,500க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் அந்தத் திட்டத்தால் செயலிழந்தன. அப்படிப்பட்ட மனிதரை மாநிலக் கருவூலர் பதவியில் இருந்த ரிச்சர்ட் மர்டாக் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ‘நன்றிகெட்டத்தனம்’ என்று சொல்லிவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது.

முதலில் அந்த 87 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். அது செல்வாக்கின் அளவே இல்லை. எதிரே பெரிய கட்சியின் வேட்பாளர் இல்லாத தேர்தலில் விழுந்த வாக்கு அது. லூகர் வியர்வை சிந்தி ஜெயித்த கடைசி செனட் தேர்தல் 1982. அப்புறம் முப்பது வருடம் அவருக்குத் தேர்தல் என்பது ஒரு சடங்கு. ஊர் ஊராகப் போய்க் கட்சிக்காரர்களின் முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. என் பார்வையில் அவருடைய தோல்வி தொடங்கியது அங்கேதான்.

அடுத்தது, யாரிடம் செல்வாக்கு என்ற கேள்வி. நம் ஊரில் சீட்டு கொடுப்பது கட்சித் தலைமை. அங்கே சீட்டைக் கொடுப்பதே வாக்காளர்கள்தான், ஆனால் எல்லா வாக்காளர்களும் இல்லை. 2012 மே 8 அன்று இன்டியானாவின் குடியரசுக் கட்சி செனட் பிரைமரியில் வாக்களித்தவர்கள் சுமார் 6.6 லட்சம் பேர். அதே ஆண்டு நவம்பரில் செனட் பதவிக்கு வாக்களித்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். மர்டாக்குக்கு மே மாதம் விழுந்தது சுமார் 4 லட்சம் வாக்கு. அந்த 4 லட்சம் பேர் லூகரின் கதையை முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்க நவம்பரில் அவர் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை.

‘செனட்டருக்கு இத்தனை சதவீதம் ஆதரவு’ என்ற தலைப்புச் செய்திகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான். எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் பிடித்த ஒரு செனட்டரின் மொத்த எண் எப்போதும் அழகாக இருக்கும். அவர்கள் கொடுக்கும் மதிப்பெண் சொந்தக் கட்சிக்குள் இருக்கும் ஓட்டையை மூடிவிடும். பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் இதற்கு நல்ல உதாரணம். 2004 பிரைமரியில் பேட் டூமியிடம் சுமார் 17,000 வாக்கில் தப்பிப் பிழைத்தவர். 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்கு ஆதரவளித்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். அத்துடன் சொந்தக் கட்சியில் அவர் பெயர் அடிவாங்கியது, ஜனநாயகக் கட்சியினரிடமோ ஏறியது. ஆனால் பென்சில்வேனியாவில் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் வாக்களிக்கலாம். ஏறிய ஆதரவால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. ஏப்ரல் மாதமே ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். மாறியதால் மீண்டும் ஜெயிக்க முடியும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னதை, அங்கே அவரை எதிர்த்து நின்ற ஜோ செஸ்டாக் விளம்பரமாக ஓட்டினார். 2010 மே மாதம் புதிய கட்சியின் பிரைமரியிலும் தோற்றார். பாவம்தான், ஆனால் அந்த வாக்கியத்தை அவர் வாயில் யாரும் திணிக்கவில்லை.

லூகர் கட்சி மாறுகிற ஆள் இல்லை. அவருக்கு வந்த அடிகள் வேறு. சோனியா சோட்டோமயர், எலினா கேகன் என்ற ஒபாமாவின் இரண்டு உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் ஆதரவாக வாக்களித்தார். 2005இல் புது செனட்டராக இருந்த ஒபாமாவை ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் ஆயுதக் கிடங்கு பார்க்க அழைத்துப் போனவர். 2008இல் அது கௌரவம், 2012இல் குற்றப்பத்திரிகை. ‘ஒபாமாவுக்குப் பிடித்த குடியரசுக் கட்சிக்காரர்’ என்று டீ பார்ட்டிக்காரர்கள் (குடியரசுக் கட்சிக்குள் கிளம்பிய தீவிர வலதுசாரி இயக்கத்தினர்) பட்டம் சூட்டினார்கள்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். சமாளிக்க முடியாதது வீட்டு விஷயம். 1977இல் வாஷிங்டனுக்குப் போனதும் இன்டியானாபோலிஸ் வீட்டை விற்றுவிட்டார். குடும்பத்துடன் வர்ஜீனியாவில் குடியேறினார். வாக்காளர் பதிவில் மட்டும் அந்தப் பழைய வீட்டு முகவரியே தொடர்ந்தது, வேறு யாரோ குடியிருக்கும் வீடு! ஊருக்கு வந்தால் தங்கியது ஓட்டலில். 2012 மார்ச்சில் மேரியன் மாவட்டத் தேர்தல் வாரியம் அந்த முகவரியில் அவரும் மனைவியும் வாக்களிக்கத் தகுதியில்லை என்று முடிவு செய்தது. குடும்பப் பண்ணை முகவரிக்குப் பதிவை மாற்றிப் பிரச்சினையை முடித்தார்கள். சட்டப்படி அவர் போட்டியிடத் தடை எதுவும் இல்லை. ஆனால் எண்பது வயது செனட்டருக்குத் தன் தொகுதியில் வாக்களிக்க ஒரு முகவரி தேட வேண்டியிருக்கிறது என்ற செய்தி, பிரைமரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தினமும் வந்தால் எப்படி இருக்கும்? அரசியல் கொள்கையே தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது.

கருத்துக்கணிப்பு சொல்லவில்லையா என்று கேட்டீர்கள். சொன்னது. ஹோவி–டிபாவ் கணிப்பில் மார்ச் கடைசியில் லூகர் 42, மர்டாக் 35. முன்னிலை என்று பார்த்தால் முன்னிலைதான். ஆனால் 36 வருடம் பதவியில் இருப்பவருக்குச் சொந்தக் கட்சியில் பாதிக்கும் குறைவான ஆதரவு என்று படித்தால் அபாயம் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் முடிவு செய்துவிட்டவர்கள். சொல்லத்தான் தயக்கம். மே முதல் வாரக் கணிப்பில் மர்டாக் 48, லூகர் 38. கணிப்புக்கும் முன்னால் இன்னொரு மணியும் அடித்தது. 2011 பிப்ரவரியில் மர்டாக் போட்டியை அறிவித்தபோதே மாநிலத்தின் 92 மாவட்டக் கட்சித் தலைவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள். பிரைமரிக்கு இன்னும் பதினைந்து மாதம் இருந்தது. கிளப் ஃபார் குரோத் போன்ற வெளி அமைப்புகளின் பணம் பிறகு கொட்டியது உண்மைதான். ஆனால் மாவட்டத் தலைவர்களை அந்தப் பணம் வாங்கவில்லை.

தோற்றபின் வேறு வழியும் இல்லை. ஜோ லீபர்மன் 2006இல் கனெக்டிகட் பிரைமரியில் தோற்றுவிட்டு நவம்பரில் தனியாக நின்று ஜெயித்தார். லிசா மர்கவ்ஸ்கி 2010இல் அலாஸ்கா பிரைமரியில் தோற்றுவிட்டு, வாக்காளர்கள் தன் பெயரைக் கையால் எழுதும்படி செய்து ஜெயித்தார். இன்டியானா சட்டம் பிரைமரியில் தோற்றவரை அப்படி நிற்க விடாது. அந்த நவம்பரில் மர்டாக் ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலியிடம் தோற்றார். பாலியல் வன்முறையால் உண்டாகும் கருவும் கடவுளின் விருப்பம்தான் என்ற பொருளில் அக்டோபர் விவாதத்தில் பேசியது அவரைக் கவிழ்த்தது. லூகர் நின்றிருந்தால் கட்சிக்கு அந்த இடம் போயிருக்காது என்றே நினைக்கிறேன். பிரைமரி வாக்காளர்கள் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

சரி, தப்பித்திருக்க முடியுமா? முடியும், ஒருவர் தப்பித்தார். யூட்டாவின் ஆரின் ஹாட்ச். லூகரும் அவரும் 1976இல் ஒரே நாளில் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இருவருக்கும் 2012இல் டீ பார்ட்டி குறி. (1976இல் ஹாட்ச் கேட்ட கேள்வி பிரபலம்: 18 வருடம் செனட்டில் இருப்பவரை எப்படி அழைப்பீர்கள்? வீட்டுக்கு அழைப்பீர்கள். அதைச் சொன்னவர் 42 வருடம் இருந்தார்.) 2010இல் தன் மாநிலத்து சக செனட்டர் பாப் பென்னட் பிரைமரிக்கு முந்தைய கட்சி மாநாட்டிலேயே போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டதைப் பார்த்ததும் ஹாட்ச் உஷாரானார். பேராளர்களைத் தேடித் தேடிப் பிடித்தார், மாநாட்டில் 59 சதவீதம் வாங்கினார், ஜூன் பிரைமரியில் சுலபமாக ஜெயித்தார். ஆனால் அதற்கு ஊர் சுற்றல் மட்டும் விலை இல்லை. சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களுக்கான ட்ரீம் மசோதாவை 2001இல் செனட்டில் கொண்டுவந்தவரே ஹாட்ச். 2010 டிசம்பரில் அது வாக்கெடுப்புக்கு வந்த நாளில் அவர் அவைக்கு வரவில்லை. ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மூன்றே பேர்: பிரைமரியில் தோற்றிருந்த மர்கவ்ஸ்கி, வெளியேற்றப்பட்டிருந்த பென்னட், அப்புறம் லூகர்.

முதல் இருவருக்கும் கட்சிக்காரர்களிடம் இழக்க ஒன்றும் மிச்சமில்லை. லூகருக்கு இருந்தது. பென்னட்டுக்கு நடந்ததை அவரும் பார்த்திருந்தார். நான்கு நாள் கழித்து ரஷ்யாவுடனான ‘புதிய ஸ்டார்ட்’ என்ற அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் வந்தபோது, சொந்தக் கட்சித் தலைமை எதிர்த்தும், அதை நிறைவேற்ற முன்னின்று உழைத்தார். 71–26 என்று நிறைவேறியது. அந்த 26 பேரில் ஹாட்ச் ஒருவர்.

அன்புடன்.