மலையடிவாரத்து வீடும் ரேடானும்

அன்புள்ள ஐயா,

சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தில் வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் என் மைத்துனர் கதிரியக்கம் காட்டும் ஒரு கையடக்க மீட்டரைக் கொல்லைப் பாறைமேல் வைத்தார். டிக்டிக் என்று அடித்தது. "யுரேனியம் இருக்கு மாமா, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு இங்க இருக்காதீங்க" என்கிறார். மனைவிக்குத் தூக்கமே இல்லை. வீட்டை விற்றுவிடலாமா?

செல்வம், வேலூர்

அன்புள்ள செல்வம்,

அவசரப்பட்டு விற்க வேண்டாம். அளந்து பார்ப்போம்.

மீட்டர் அடித்தது உண்மைதான். கருங்கல் எங்கே இருந்தாலும் அடிக்கும். ஒரு டன் கருங்கல்லில் பொதுவாக 3 முதல் 5 கிராம் யுரேனியம் உண்டு. கூடவே தோரியம், பொட்டாசியம். எதனால் எவ்வளவு அடிக்கிறது என்று அந்த மீட்டருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்குக் கல்லை இடித்து, உலர்த்தி, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு மாதம் வைக்க வேண்டும். யுரேனியத்திலிருந்து வழிவழியாக வரும் ரேடியம், ரேடான் வாயுவாகச் சிதைகிறது. ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள். அது தப்பிக்காமல் உள்ளேயே சேர்ந்து ரேடியத்தோடு சமநிலைக்கு, அதாவது உருவாகும் வேகமும் சிதையும் வேகமும் ஒன்றாகும் நிலைக்கு, வந்த பிறகுதான் காமா கதிரை எண்ணுவோம். படிக்கிற காலத்தில் ஒரு டப்பா மூடியில் டேப் விட்டுப்போய், ஒரு மாத உழைப்பு வீணானது. இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நாம் மூச்சில் இழுப்பது ரேடான் வாயுவைத்தான். அதனால் நுரையீரலுக்குக் கணக்கு கல்லுக்குள் இருப்பதல்ல, கல்லை விட்டு வெளியே வருவது. கனிமத் துகளின் விளிம்பை ஒட்டி, மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் உருவாகும் ரேடான்தான் வெளியே தெறிக்கும். அதனால் முழுப் பாறையைவிட, பொடிந்து வெடிப்பு விட்ட மண்தான் தாராளமாக ரேடானை விடும். பழைய வட ஆற்காட்டில் யுரேனியம் என்றால் எனக்கு நினைவு வருவது திருப்பத்தூர் பக்கத்துச் சேவத்தூர். அங்கே கார்பனடைட் என்ற கார்பனேட் எரிமப் பாறையில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்ற கனிமம் இருக்கிறது. உங்கள் மலை அந்த ரகம் இல்லை.

அறைக் காற்றில் ரேடானை அளக்க எல்ஆர்-115 என்றொரு சிவப்பு ஃபிலிம் இருக்கிறது. கதிரியக்கம் அளக்கும் இயற்பியல் துறைகளில் கேளுங்கள். மூன்று மாதம் அறையில் தொங்கவிட்டு, பிறகு காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால், ரேடான் சிதையும்போது வரும் ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் சிவப்பில் வெள்ளைப் புள்ளியாக மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதை எண்ணிக் கணக்கிடுவார்கள். வீட்டுக் காற்றில் ரேடான் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு) இருக்கட்டும், முடியாவிட்டால் 300-ஐத் தாண்டவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். ஜன்னல் சாத்திய இரவுக்கும் திறந்த பகலுக்கும் எண் ஏறி இறங்கும்.

அதுவரை தரை வெடிப்புகளை சிமென்ட்டால் அடையுங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ரேடானும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. முதல் ஃபிலிமைத் தொட்டில் இருக்கும் அறையில் தொங்கவிடுங்கள்.