ஆடியிலேயே சேருங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடி பக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன், வணிகவியல். திருவாரூரில் பி.பி.ஏ. சேர இடம் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரில் கல்யாணம், கச்சேரி, கம்பெனி விழா எல்லாம் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனம் என்னை ஒரு வருடப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. மாதம் 7,000 ரூபாய். தையில் வேலை அதிகம், அப்போது வா என்கிறார்கள். “பந்தல் போடவா பன்னிரண்டு வருஷம் படிச்சே?” என்று அப்பா கோபப்படுகிறார். அம்மாவுக்கு ராத்திரி வேலை என்றாலே பயம். பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் மேலே வர முடியுமா? எதைப் பார்த்துச் சேர வேண்டும்?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

வர முடியும். ஆனால் தை வரை காத்திருக்காதீர்கள். ஆடியிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

தையில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம் வரும், யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. புதிதாக வந்த பெண்ணை வரவேற்பு மேசையில் சந்தனம், கல்கண்டுத் தட்டோடு நிறுத்திவிடுவார்கள். வருடம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டவர்கள் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது. பொருள் அத்தனையும் கிடங்கில் இருக்கும், வேலை தெரிந்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள். கேபிளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த முனைக்குப் பற்றவைத்து, 10 மீட்டருக்கு ஒரு நிறம், 20 மீட்டருக்கு ஒரு நிறம் என்று டேப் சுற்றுவார்கள். அந்த ஒரு மாதத்தில் எந்தப் பொருள் எதற்கு, எத்தனை இருக்கிறது, எது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துவிடும். டிரம்மில் சுற்றியபடியே கேபிளில் லோடு (அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகள்) ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும் என்பதை உருகிய கேபிளைக் கையில் வைத்தே சொல்லிக்கொடுப்பார்கள்.

கிடங்கில் முதலில் மின்சாரக் கணக்கைக் கேட்டுப் படியுங்கள். வணிகவியல் படித்ததால் தயங்க வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். ஜெனரேட்டரின் மேல் கேவிஏ என்று திறன் எழுதியிருக்கும்; அதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்குதான் பவர் ஃபேக்டர். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் பவர் ஃபேக்டர் 0.8 கணக்கில் 50 கிலோவாட். அதில் 40-க்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. மேடை விளக்கு 12, எல்இடி திரை 6, சவுண்ட் 8, சீரியல் செட் 5, சமையல்கட்டு கிரைண்டர் 4 என்று எழுதிக் கூட்டினால் 35 வரும். இதை மூன்று பேஸிலும், அதாவது ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வரும் மூன்று வயரிலும், சமமாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் விட்டு, மூன்றுக்கும் பொதுவான நியூட்ரல் வயரின் இணைப்பும் தளர்ந்துவிட்டால், லோடு குறைந்த பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 350-க்கு மேல்கூட ஏறிவிடலாம். ஆம்ப்ளிஃபயர் இப்படி எரிந்துபோகும். ஒரு பக்கம் பல்பு மங்கி இன்னொரு பக்கம் பளீரென்று எரிந்தால் உடனே மெயினை அணைக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல நம் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியதில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர்அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினோரு பேர். பந்தல்காரர் கால் நடும்போதே நீங்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மேலே கம்பி போகிறதா? கீற்றின்மேல் வயர் இணைப்போ சூடான விளக்கோ இருக்கிறதா? கூட்டம் வெளியேற எதிரெதிராக இரண்டு வழியாவது இருக்கிறதா? சிறு பெண் கேட்கிறாள் என்று யாராவது சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்றும் பாருங்கள். நம் களிமண்ணில் கோடையில் நட்ட சவுக்குக் கால் இறுகி நிற்கும். இரண்டு நாள் மழை பெய்தால் குழி இளகிச் சாயும். மழைக்காலத்தில் குழி ஆழமும் இழுகயிறும் கூடுதலாகக் கேளுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. மாலை 6.30-க்கு வரவேற்பு, 900 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். மேடையில் ஒரு குடும்பம் ஏறி, படம் எடுத்து, இறங்க 30 விநாடி. 9.30 வரை 180 நிமிடத்தில் 360 குடும்பம் ஏறலாம். பந்தியில் 200 இலை, இலை எடுத்துத் துடைப்பதையும் சேர்த்து ஒரு பந்திக்கு 40 நிமிடம். ஐந்து பந்தி வேண்டும், அதாவது 3 மணி 20 நிமிடம். 7 மணிக்கு முதல் பந்தி போட்டால் 10.20-க்குக் கடைசிப் பந்தி எழும். இப்போது பெண்ணுக்கு அலங்காரம் முடியத் தாமதமாகி ஜோடி 7.30-க்குத்தான் மேடை ஏறுகிறது. 120 குடும்பம் வரிசையில் தேங்கும். படம் எடுத்த பிறகு சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் 8.30-க்கு ஒன்றாகப் பந்திக்குப் பாய்வார்கள், நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். பந்தி கெட்டதற்குக் காரணம் சமையல் மாஸ்டர் இல்லை, அலங்கார அறை. அங்கே 5 மணிக்கும் 5.45-க்கும் போய்ப் பார்ப்பது யார் என்று நிகழ்ச்சி நிரலில் பெயர் இருக்க வேண்டும். தாமதம் தெரிந்ததும் குழந்தைகளையும் பெரியவர்களையும் முதல் பந்திக்கு அழைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இப்படி ஒன்று இன்னொன்றை எங்கே இடிக்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். வகுப்பறையில் இது கைவருவது கடினம்.

கச்சேரிப் பக்கமும் போங்கள். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியளவை 3 டெசிபெல் இறக்கினால்தான், ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் எழும் ஊளை வராது. திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடுகிற காலையில் இதைக் கவனிக்கலாம். அனுமதிக் கடிதங்களை உங்கள் கையால் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துப் பழகுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, மத்திய அரசின் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவு செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் என்றால் விரும்பினால் எடுக்கலாம். பதிவு இருந்தால்தான் முடிவில் தேர்வு எழுதி தேசிய அளவிலான சான்றிதழ் வாங்க முடியும். பதிவு இல்லை என்றாலும் வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள்: கிடங்கில் எத்தனை மாதம், சவுண்ட், விளக்கில் எத்தனை, சமையல், பந்தியில் எத்தனை, வாடிக்கையாளரிடம் பேசிக் கணக்குப் போடுவதில் எத்தனை. எழுதிக் கொடுக்கத் தயங்கும் இடத்துக்கு நீங்கள் கூலியாள்தான், பயிற்சியாளர் இல்லை.

அம்மாவின் பயம் நியாயமானது. இரவு வரவேற்பு மேடையைப் பிரித்து விடிவதற்குள் மணவறை நிறுத்தும் வேலை இதில் தவிர்க்க முடியாதது. இரவு 9-க்கு மேல் வேலை என்றால் வீடு வரை வண்டியா, அல்லது பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறையோடு தங்கும் இடமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். குழுவில் இன்னொரு பெண்ணாவது இருக்கிறாரா என்று அம்மாவே கேட்கட்டும்.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பெரிய ஓட்டல்களின் விழாப் பிரிவிலும் பல அரசு வேலைகளுக்கும் பட்டம் கேட்பார்கள். இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ அஞ்சல்வழியில் பி.பி.ஏ. அல்லது பி.காம். சேர்ந்துவிடுங்கள். மார்கழியில் கல்யாண வேலை இருக்காது, பாடம் படிக்க அந்த மாதம் போதும். தேர்வு தேதிகளுக்கு விடுப்பு உண்டு என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028 மாசியில். அதற்குள் கூட்டம் கையாளும் வேலை உங்களுக்குப் பழகியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்பு அப்பாவை ஒரு நாள் அந்தக் கிடங்குக்கு அழைத்துப் போங்கள். கேபிள் ஒழுங்காகச் சுற்றித் தொங்குகிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, அதில் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதி என்ன என்று அவரும் பார்க்கட்டும்.